சொல்லிப்போட்டன் சேர்

இரண்டாம் மணியின் ஓசை அடங்குவதற்கு முன்பே அவர் படலையைச் சாத்திவிடுவார். பட்டினத்துக்கு வெளியே, வாவியைப் பார்த்தபடி இருந்த எங்கள் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஒரு படலைதான். கொளுக்கியை மாட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வெளியே நிற்பவர்களை ஒருதரம் பார்ப்பார். அடிக்க மாட்டார். ஏச மாட்டார். "இரண்டாம் மணிக்குப் பிறகு இல்ல. சொல்லிப்போட்டன்" என்பார். பிந்தி வந்தவர்கள் இடைவேளை வரைக்கும் வெயிலோ மழையோ வெளியில்தான் நிற்க வேண்டும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை நான் எழுதவில்லை. எழுதினாலும் அந்தக் காலத்து ஆட்களுக்கு அடையாளம் தெரியாது. சொல்லிப்போட்டன் சேர் என்றால் இன்றைக்கும் பல்லுப் போன கிழவன்மார் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர் அவர். விளையாட்டுக்கும் பொறுப்பு அவர். காலையில் வெள்ளை வேட்டியும் கோட்டுமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்பார். பின்னேரம் கோட்டைக் கழற்றி மாமரக் கொப்பில் கொழுவிவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, விசிலோடு மைதானத்தில் நிற்பார். இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான். வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே எடுக்க அவருக்குத் தெரியாது.

ஒருநாள் தலைமையாசிரியரே பிந்தி வந்தார். குடையும் கையுமாகப் படலைக்கு வெளியே நின்று, "மாஸ்டர், திறவுங்க" என்றார். எங்கள் ஆள் அசையவில்லை. "இரண்டாம் மணி அடிச்சிட்டு சேர்" என்றார், மரியாதையாகத்தான். தலைமையாசிரியர் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, சுற்றிப்போய், பின்பக்க வேலியில் இருந்த ஓட்டை, அந்தப் பொட்டுக்குள்ளால் குனிந்து உள்ளே வந்தார். தலையில் வேலிக் கிடுகின் தென்னோலைத் தும்பு ஒட்டியிருந்தது. வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்தப் பொட்டு எங்களுக்கும் தெரியும். ஆனால் அதால் நுழைய ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. தலைமையாசிரியர் அன்றைய தினத்தை மறக்கவே இல்லை, அது வேறு கதை.

இப்படிச் சொன்னால் அவரை ஒரு முரடர் என்று நினைப்பீர்கள். அப்படியுமில்லை. அந்த மனிசனை வெறுக்கவும் ஏலாது, முழுசாக நேசிக்கவும் ஏலாது. கணக்கு முடிக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது என்று ஒரு பின்னேரம் சொல்லிவிட்டார். எங்கள் வகுப்பில் ஒரு பொடியனுக்குக் காய்ச்சல். மேசையில் தலையை வைத்துப் படுத்திருந்தான், கண் இரண்டும் சிவந்து போயிருந்தன. "சேர், அவனுக்கு ஏலாது, விடுங்க" என்று பெட்டைகள் நாங்கள் கெஞ்சினோம். விடவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஈரத்துணியை அவன் நெற்றியில் வைத்தார். ஒவ்வொரு கணக்காக, அவனாகவே விடை சொல்லும் வரைக்கும், பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கணக்கு முடிந்ததும் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பக்கம் அவன் வீடு வரைக்கும் நடந்தே கொண்டுபோய் விட்டார். அவனுடைய தாய் நன்றி சொல்வதா ஏசுவதா என்று தெரியாமல் நின்றாளாம். நானாக இருந்தால் ஏசித்தான் இருப்பேன்.

உதைபந்தாட்டத்திலும் அப்படித்தான். நடுவரோடு வாய்காட்டினால் வெளியே எடுப்பேன் என்று பொடியன்மாருக்குச் சொல்லி வைத்திருந்தார். பட்டினத்துப் பெரிய கல்லூரியோடு போட்டி. எங்கள் பக்கத்துக் கெட்டிக்காரன் தலைமையாசிரியரின் மருமகன் முறையான ஒருவன். ஆட்டம் முடியப் போகிற நேரம், இரு பக்கமும் சமம். அவன் நடுவரைப் பார்த்துக் கையை விரித்து ஏதோ கேட்டான். உடனே எங்கள் சேரின் விசில். "வெளிய வா." எல்லோரும் கத்தினார்கள், தலைமையாசிரியர் கதிரையை விட்டு எழும்பியே விட்டார். சேர் திரும்பியும் பார்க்கவில்லை. நாங்கள் தோற்றோம். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பொடியன்மார் அழுதுகொண்டு போக, இவர் பின்னால், தோற்ற ஆட்டத்தின் பந்தைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். அவருக்கும் அழுகை வந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது நினைக்கவில்லை.

ஆனால் அந்த ஒற்றைப் பிடிவாதம் இல்லாவிட்டால் நான் பள்ளிக்கூடப் படியே ஏறியிருக்க மாட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எங்கள் ஊர் வாவிக்கு அங்கால், படுவான்கரையில். பொழுது படுகிற பக்கம் என்பதால் அந்தப் பெயர். பள்ளிக்கூடம் பொழுது எழுகிற பக்கம், எழுவான்கரையில். என் அப்பா வாவியில், ஊர்ப் பேச்சில் ஆற்றில், வலை வீசுகிறவர். ஊர்ப் பள்ளியில் படிப்பு முடிந்தபோது என் கணக்குத் திறமையைப் பற்றி யாரோ சேரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் குடையோடு எங்கள் வீட்டு வளவுக்கே வந்துவிட்டார். தோணியில் வந்த பயத்தில் முகம் வெளுத்திருந்தது. வயல் ஊரில் பிறந்த ஆள், நீந்தத் தெரியாது, தண்ணீரைக் கண்டாலே பிடிக்காது.

"தங்கச்சி, இந்தப் புள்ளய மேல்வகுப்புக்கு அனுப்புங்க. நான் படிப்பிச்சுத் தாறன். சொல்லிப்போட்டன்" என்றார் அம்மாவிடம்.

அப்பா தலையைச் சொறிந்தார். அவருக்கு விருப்பம். அம்மாவுக்குத்தான் நெஞ்சில் நெருப்பு. அவளுடைய தம்பியை அந்த வாவிதான் கொண்டு போயிருந்தது. குமர்ப்பிள்ளை தினமும் தோணியில் போய் வருவதா?

"போகட்டும் வாத்தியார்" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்டு. இந்த ஆத்தில என்ட புள்ளைக்கு ஏதும் நடந்திச்செண்டா, அண்டையோட பள்ளி சரி, நிப்பாட்டிருவன். மறுகா நீங்க வந்து கேட்கக் கூடாது."

"கேட்க மாட்டன்" என்றார் அவர். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று அந்த வளவில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பேர் எதிரெதிரே நின்றார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அன்றையிலிருந்து என் படிப்பு அந்தத் தோணியில் தொங்கியது. எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் நானும், எனக்கு மச்சான் முறையான தங்கராசாவும், கீழ்வகுப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரும். தங்கராசா தோணி தள்ளுவான். வாயாடி. "இவ படிச்சு என்ன கா செய்யப் போறா, எனக்குச் சோறு கணக்குப் பாத்துப் போடப் போறாவா?" என்று கரையில் நிற்கிற பெண்களைக் கா போட்டுக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே தள்ளுவான். நான் தண்ணீரை அள்ளி அவன் மூஞ்சியில் அடிப்பேன்.

பெட்டைகளும் விளையாட வேண்டும் என்று சேர் ஒருநாள் காலைக் கூட்டத்தில் சொல்லிவிட்டார். வலைப்பந்து, கையில் பந்தோடு ஓடக் கூடாத ஆட்டம். சொன்ன பிறகுதான் பிரச்சினை தெரிந்தது. ஊரே கொதித்தது. குமரிகள் ஆம்பிளைகளுக்கு முன்னால் ஓடிப் பாய்வதா என்று தாய்மார் படலைக்கு வந்து நின்று கத்தினார்கள். தலைமையாசிரியர் இதுதான் நேரம் என்று, "விட்டுடுங்க மாஸ்டர், ஒரு சொல்லத்தானே மாத்தப் போறீங்க" என்றார். மாற்றவில்லை. மைதானத்தின் ஒரு மூலையைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கிடுகு வேலி அடைத்தார், தானே குழி தோண்டினார். உள்ளே ஆம்பிளை ஒருவரும் போகக் கூடாது. தானும் போகவில்லை. விசிலைத் தையல் ரீச்சரின் கையில் கொடுத்தார். அந்த ரீச்சருக்குப் பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இவர் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே பார்க்காமல், கால்கள் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே, "ரீச்சர், பந்தோட ஓடுறாளா? விசில ஊதுங்க!" என்று கத்துவார். ரீச்சர் பயந்துபோய் எப்போதும் ஊதுவாள். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தோம். அந்த வேலிக்குள் ஓடியதைப் போல நான் வாழ்க்கையில் பிறகு ஒருநாளும் ஓடவில்லை.

அந்த வருசம் மாரி பொல்லாத மாரி.

எங்கள் வாவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடக்கும். மாரியில் தண்ணீர் ஏறி ஏறி, வயல் வட்டைகளை மூடத் தொடங்கும்போது, வெள்ளாமைக்காரர் மண்வெட்டிகளோடு போய் அந்த மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்று சொல்வோம். ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினால் போதும், பிறகு தண்ணீரே தன் வழியை அகலமாக்கிக்கொண்டு பாயும். அதுவரை குளம் மாதிரிக் கிடந்த வாவி அன்று முழுவதும் கடலைப் பார்த்து இழுக்கும். அதனால் வெட்டுவதற்கு முதல்நாள் இரு கரையிலும் பறை அடித்துச் சொல்வது வழக்கம். பறை கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் தோணி இறக்க மாட்டார்கள்.

எங்களுக்கு வருசச் சோதினை வந்தது. அதில் தேறினால்தான் அடுத்த வகுப்பு. முதல்நாள் சேர் வகுப்பில் நின்று சொன்னார்: "நாளைக்குச் சோதினை. இரண்டாம் மணிக்குப் பிறகு வாறவருக்குத் தாள் இல்ல, அடுத்த வகுப்பும் இல்ல. சொல்லிப்போட்டன்."

தங்கராசா எழும்பினான். "சேர், ஆத்தில தண்ணி கூடிப்போய்க் கிடக்கு. நாங்க அங்கால இரிந்து வாற ஆக்கள்..."

"அப்ப வெள்ளென வெளிக்கிடு மனே" என்றார். நேரத்தோடு புறப்படு என்று அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அன்று பின்னேரம் மழை இன்னும் வலுத்தது. சேருடைய அண்ணன்மாரின் வயல் வட்டை ஏற்கெனவே கழுத்தளவு தண்ணீரில். இனிப் பொறுத்தால் பயிர் அழுகிவிடும் என்று அந்த ஊரார் பறை அடிக்கக் கூட நிற்காமல் மண்வெட்டியைத் தூக்கினார்கள். வருவேன் என்று அண்ணன்மாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் சேர். போனார். அவர்களோடு நின்று வெட்டினார். விடிகிற நேரம் ஆற்றுவாய் திறந்துகொண்டது. அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, காலில் மண்ணோடு, படலையடியில் நின்றார். பிந்தவில்லை. வயலுக்குக் கொடுத்த வாக்கும் சரி, பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த வாக்கும் சரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு தோணி வரும் என்பது மட்டும் அவருடைய தலைக்குள் போகவில்லை. தண்ணீரில் பிழைக்கிற எங்கள் ஆள் ஒருவனாக இருந்தால் முதலில் அதைத்தான் நினைத்திருப்பான். அவர் வயல்காரர். அவருக்கு ஆற்றுவாய் என்றால் பயிர் பிழைக்கிற வழி, அவ்வளவுதான்.

எங்கள் கரையில் அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இண்டைக்குப் போகாத கா. தண்ணிட முகம் எனக்குப் பிடிக்கல்ல" என்றாள்.

"சோதினையம்மா. பறை அடிக்கல்லத்தானே."

அவள் என் தலையைத் தடவிவிட்டு, சின்னப் பிள்ளைகளை மட்டும் கரையிலேயே பிடித்து நிறுத்திக்கொண்டாள். நானும் தங்கராசாவும் மட்டும் ஏறினோம்.

பாதி ஆறு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தோணியின் முனை தானாகத் திரும்பியது. தங்கராசா கம்பை ஊன்றினான். கம்பு தண்ணீருக்குள் போய்க்கொண்டே இருந்தது, நிலம் படவில்லை. துடுப்பை எடுத்தான். வாயாடியின் வாய் மூடிவிட்டது. அதைக் கண்டதும்தான் நான் தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

"என்னடா?"

"இழுக்குது." துடுப்பை இன்னும் ஆழப் போட்டான். "ஆத்துவாய வெட்டிப்போட்டானுகள் கா. பறையும் அடிக்காம வெட்டிப்போட்டானுகள்!"

அந்த நேரம் எதிர்க்கரையில் முதல் மணி அடித்தது. தண்ணீருக்கு மேலால் அந்த ஓசை எவ்வளவு கிட்டத்தில் கேட்டது! திரும்பிப் போகிறதற்கும் போய்ச் சேருகிறதற்கும் ஒரே தூரம். திரும்பினால் சோதினை இல்லை, அடுத்த வகுப்பு இல்லை. இரண்டு பேரும் அதைத்தான் நினைத்தோம். அவன் எழுவான்கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டான். நான் கையாலேயே தண்ணீரைத் தள்ளினேன். பள்ளிக்கூடம் எங்களுக்கு முன்னால் இருந்தது, பிறகு பக்கத்தில் இருந்தது, பிறகு பின்னால் போய்க்கொண்டிருந்தது. முகத்துவாரத்துப் பக்கம் இரைச்சல் கேட்டது. அப்படி ஒரு இரைச்சலை நான் அந்த வாவியில் முன்பு கேட்டதில்லை.

"மாமாங்கப் பிள்ளையாரே!" என்று கத்தினேன். வேறென்ன கத்துவது?

இறால் பிடிக்க நட்டிருந்த கம்புகளில் போய் மோதினோம். அதுதான் எங்கள் உயிர். தங்கராசா ஒரு கம்பைக் கட்டிப்பிடித்தான், நான் அவனையும் தோணியையும் பிடித்தேன். தோணி சரிந்து தண்ணீர் உள்ளே ஏறியது. என் புத்தகப் பை மிதந்துபோனதைப் பார்த்தேன். கரையில் ஆட்கள் ஓடிவந்தார்கள். பள்ளிக்கூடமே ஓடிவந்தது. எல்லோருக்கும் முன்னால் கோட்டோடு ஓடிவந்தது அவர்தான். நீந்தத் தெரியாத மனிசன், நிற்காமல், அப்படியே தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பு, நெஞ்சு, கழுத்து. இரண்டு ஆசிரியர்மார் பாய்ந்து அவருடைய கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அவர்களை உதறிக்கொண்டு ஏதோ கத்தினார். இரைச்சலில் எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த நேரத்தில், பள்ளிக்கூடத்தில் இருந்த யாரோ ஒரு பொடியன், தன் வேலையைத் தான் செய்வதாக நினைத்து, இரண்டாம் மணியையும் அடித்தான்.

விறகு ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்கு வந்துகொண்டிருந்த ஏறாவூர் முஸ்லிம் பெரியவர் ஒருவர்தான், நாங்கள் காக்கா என்போம், எங்களைக் காப்பாற்றினார். பெரிய வள்ளம். கரையோரமாகவே விட்டு, விறகைத் தண்ணீரில் தள்ளி வள்ளத்தை இலேசாக்கி, கயிற்றை எறிந்தார். "அல்லாவே! புள்ளைகளே, தோணிய விடுங்க, கயித்தப் புடிங்க! தோணி போனாப் போகட்டும்!" என்று அவர் கத்தியது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிடித்தோம்.

கரையில் ஏறி, பள்ளிக்கூடத்துக்கு வந்தோம். படலை சாத்தியிருந்தது. எல்லோரும் தண்ணீரடிக்கு ஓடியபோது கடைசியாக வந்த யாரோ பழக்கத்தில் சாத்திக் கொளுக்கியும் போட்டிருந்தார்கள். சேர் எங்களுக்கு முன்னால் போய் நின்றார். அவருடைய கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையைக் கொளுக்கியில் வைத்தார். வைத்துக்கொண்டே நின்றார். பள்ளிக்கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குக் குளிரில் பல்லுக் கிட்டியது. திறக்க மாட்டாரோ என்று உண்மையாகவே பயந்தேன். அவரை அந்தளவுக்கு எனக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டார். "என்ன மாஸ்டர், இரண்டாம் மணிக்குப் பிறகு இல்லையோ?"

"இல்லைத்தான் சேர்" என்றார் அவர். "நான் சொன்னது பிழை."

கொளுக்கியைக் கழற்றினார். படலையை அகலத் திறந்து, அது திரும்பச் சாத்தாமல் ஒரு கல்லை உருட்டி அணை கொடுத்தார். எங்களைப் பார்க்காமல், "போய் எழுதுங்க" என்றார்.

எழுதினேன். ஈரச் சட்டையோடு, தாளில் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுதினேன். கணக்குகள் எல்லாம் தெரிந்தவைதான். 

பின்னேரம் அந்தக் காக்காவே எங்களைத் தன் வள்ளத்தில் ஏற்றி, மேலே போய், இழுப்புக் குறைந்த இடத்தால் சுற்றிக் கொண்டுவந்து விட்டார். சேரும் வந்தார். வள்ளத்தின் இரு விளிம்பையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எங்கள் கரையில் அம்மா நின்றாள். அவள் காலையிலிருந்து அங்கேதான் நின்றிருக்கிறாள். நடந்தது எல்லாவற்றையும் அந்தக் கரையில் நின்று பார்த்திருக்கிறாள்.

கிட்ட வந்து என்னைத் தொட்டுப் பார்த்தாள். தலை, தோள், கை. பிறகு, "பொத்தகம் எங்க?" என்றாள்.

"ஆத்தோட போயிட்டு."

"நல்லம்" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆற்றின் நடுவில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

சேர் குடையில்லாமல் மழையில் நின்றார். "தங்கச்சி, பிழை என்னில. வெட்டின ஆக்களில நானும் ஒராள். பறை அடிக்காம வெட்டினம். நான் யோசிக்கல்ல."

"தெரியும் வாத்தியார். முகத்துவாரத்தால வந்த ஆக்கள் சொன்னாங்க."

"இனி இப்படி நடக்காது. புள்ளய நிப்பாட்டாதீங்க."

அம்மா முந்தானையால் என் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினாள். கோபம் ஒன்றும் இல்லை அவள் குரலில். அதுதான் பயமாக இருந்தது. "ஏதும் நடந்தா அண்டையோட சரி எண்டு உங்கட முகத்துக்கு முன்னாலதான் சொன்னன். வந்து கேட்க மாட்டன் எண்டு நீங்களும் சொன்னீங்க. ஞாபகம் இரிக்கா?"

"இரிக்கு."

"நீங்க சொன்னாச் சொன்னதுதானாம், ஊரெல்லாம் கதை. அப்ப என்ட சொல்லு மட்டும் ஏன் வாத்தியார் வேறயா இரிக்க வேணும்?"

 அவர் சின்னப் பிள்ளை கெஞ்சுவது போலச் சொன்னார்: "நான் இண்டைக்குப் படலையத் திறந்திட்டன் தங்கச்சி. மாத்திட்டன்."

"புள்ள செத்துப் பிழைச்ச பிறகு திறந்தீங்க" என்றாள் அம்மா. "நான் அதுக்கு முதல் சாத்துறன்."

அப்பா போய் வள்ளத்துக் கயிற்றைப் பிடித்தார். சேர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானைக்குள் இருந்தேன். வள்ளத்தில் திரும்பி ஏறும்போது அவருக்குக் கால் இடறியது, காக்கா கையைக் கொடுத்து ஏற்றினார்.

அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அந்த மாரி முழுவதும் அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சமைத்ததைத் தின்றேன், அவளுக்குப் பக்கத்தில் படுத்தேன், பேசவில்லை. அவளுக்கும் அவருக்கும் இடையில் என்ன வித்தியாசம் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை வெடித்தது. அவர் தன் சொல்லை மாற்றிவிட்டார். அவள் மாற்றவில்லை. அவள் மாற்றாததற்குக் காரணம் என்னில் வைத்த உயிர். அதை நான் எப்படி ஏசுவது?

தங்கராசா ஆம்பிளைப் பிள்ளை. அவனுக்குப் புதுத் தோணி வந்தது, படிப்பும் தொடர்ந்தது. நடப்பதையெல்லாம் வந்து சொல்வான். புதுத் தவணையின் முதல்நாளே சேர் காலைக் கூட்டத்தில் நின்று, படுவான்கரைத் தோணி வந்து கட்டும் வரைக்கும் இனிமேல் படலை சாத்துவதில்லை, முன்பு சொன்னதை மாற்றுகிறேன் என்றாராம். பின்வரிசைப் பொடியன்மார் சிரித்தார்களாம். சிரிக்க விட்டாராம். அதற்குப் பிறகு அவரைக் கண்டு ஒருவரும் அவ்வளவாகப் பயப்படவில்லை. சில ஆசிரியர்மார் அவரை உடைந்துபோன ஆள் என்று பேசிக்கொண்டார்களாம்.

சோதினை முடிவைச் சொல்ல அவரே வந்தார். வளவுக்குள் வரவில்லை. வேலிக்கு வெளியே வெயிலில் நின்று, "மகள், நீ பாஸ்" என்றார். அம்மா வாசலில் நின்றதால் நான் வெளியே போகவில்லை. அவர் இன்னொருமுறை, கொஞ்சம் உரத்து, "கணக்கில முதலாவது" என்றார்.

"கேட்டிட்டுது வாத்தியார்" என்றாள் அம்மா. "போயிட்டு வாங்க."

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அடுத்த வருசம் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, இந்த வாயாடிதான். கலியாணம் முடிந்து பல நாள் கழித்து, ஒரு பின்னேரம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவனிடம், கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேன். நான் தேறியும் போகாத அந்த அடுத்த வகுப்பில், பெட்டைகள் பக்கத்து வாங்குப் பலகையில், எனக்குரிய இடத்தில் யார் இருந்தது?

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒருத்தரும் இல்ல. வருசம் முழுக்க அந்த இடம் சும்மாதான் கிடந்திச்சி."

"ஏன், சேர் ஏதும் சொன்னாரா?"

"இல்ல கா" என்றான். "அவர் ஒண்டுமே சொல்லல்ல. யாரும் அதில இருக்கப் போனா, பேசாம எழும்பி வந்து பக்கத்தில நிப்பார். அவ எழும்பிப் போகுமட்டும் நிப்பார்."